கழிவுநீர் லைனை எங்கே திறப்பது? கிளீன் அவுட், சேம்பர் பற்றிய முழுமையான வழிகாட்டி

வீட்டுக்குள் கழிவுநீர் எதிர்த்து ஏறும் நாளில்தான் பலருக்கு இந்தக் கேள்வியே வருகிறது. குளியலறைத் தரையில் கறுப்புத் தண்ணீர் நிற்கிறது. அடைப்பு எடுக்க வந்தவர், குழாய்க்குள் விடும் நீளமான கம்பிச் சுருளான ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். எதற்குள் விடுவது என்று தெரியவில்லை. கடைசியில் கழிப்பறைக் கோப்பையைக் கழற்றுகிறார், இல்லாவிட்டால் டைல்ஸை உடைக்கிறார். திறப்பு இருக்கும் இடம் தெரிந்திருந்தால் அதே அடைப்பு அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

பல வருடங்களாக இந்த வேலைகளைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று. அடைப்பு சின்னதா பெரியதா என்பது இரண்டாம்பட்சம். அதற்கு அருகில் கை எட்டும் ஒரு திறப்பு இருக்கிறதா என்பதுதான் செலவையும் சேதத்தையும் தீர்மானிக்கிறது. அதனால் அடைப்பு வருவதற்கு முன்பே, ஓய்வாக இருக்கும் ஒரு காலைப் பொழுதில் இதைப் படித்துவிட்டு உங்கள் லைனை ஒருமுறை நடந்து பாருங்கள்.

முதலில், எதையெல்லாம் திறப்பு என்கிறோம்

கிளீன் அவுட் என்பது குழாயின் மேல் Y வடிவ இணைப்பான ஒரு ஒய் பொருத்தி, அதன் வாயைத் தரைமட்டம் வரை உயர்த்தி, மரை போட்ட மூடியால் அடைத்து வைப்பது. மாடியிலிருந்து இறங்கும் குழாயின் அடியிலோ வளைவிலோ போல்ட் போட்ட சின்னக் கதவு இருந்தால் அது டோர் டீ அல்லது டோர் பெண்டு. செய்யும் வேலை ஒன்றுதான். குழாய்கள் வந்து சேரும் இடத்தில் செங்கல்லாலோ பிளாஸ்டிக்காலோ கட்டிய, மூடி போட்ட தொட்டி சேம்பர். இன்னும் ஆழமாக, ஆள் இறங்கும் அகலத்தில் இருப்பது மேன்ஹோல். அதற்குள் யாரும் இறங்கக் கூடாது என்பதைப் பிறகு சொல்கிறேன். சமையலறை, குளியலறைத் தண்ணீர் சேம்பருக்குப் போகும் முன் விழும் கல்லி டிராப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் வேலை நாற்றத்தையும் கரப்பான்பூச்சியையும் தடுப்பது. ஆனாலும் அடைப்பு முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அங்கேதான்.

இவை எங்கே இருக்க வேண்டும்? மேலிருந்து இறங்கும் குழாய் படுக்கைக் குழாயாக மாறும் அடிப்பகுதியில் ஒன்று. லைன் 45 டிகிரிக்கு மேல் திரும்பும் இடத்தில் ஒன்று. கட்டடத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஒன்று. நேராக ஓடும் நீளமான லைனில் சுமார் 30 மீட்டருக்கு ஒன்று. கடைசிக் கணக்குக்குக் காரணம் எளிது: பிரதான லைனுக்கான ஸ்பிரிங் மெஷின்கள் பலவும் ஏறக்குறைய அந்தத் தூரம்தான் போகும். அடைப்பு அதைத் தாண்டி இருந்தால் வெளியிலிருந்து எட்டவே முடியாது.

இது புதிய யோசனையும் இல்லை. சிந்துவெளி நகரங்களின் தெருச் சாக்கடைகளை மூடியிருந்த செங்கற்களையும் கற்பலகைகளையும் தேவைப்படும்போது எடுத்துச் சுத்தம் செய்ய முடிந்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்கள் திறந்துபார்க்க வழி வைத்தார்கள். இன்று அதன் மேல் நாம் டைல்ஸ் ஒட்டிவிடுகிறோம்.

உங்கள் திறப்பைக் கண்டுபிடிப்பது

வீட்டின் கட்டட வரைபடம் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இல்லாவிட்டால் கழிப்பறையிலிருந்து தொடங்குங்கள். கழிப்பறைக் கோப்பைக்கு நேராக வெளிச்சுவர் எங்கே இருக்கிறதோ, அங்கிருந்து தெருவையோ செப்டிக் டேங்கையோ நோக்கி மனதில் ஒரு கோடு போடுங்கள். லைன் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் போகும். சுவரிலிருந்து முதல் ஐந்தடிக்குள் 4 அங்குல அகலமுள்ள வட்ட மூடி, நடுவில் சதுர மேடோ பள்ளமோ உள்ள பித்தளை பிளக், அல்லது சிமெண்ட் மூடி தெரிகிறதா என்று பாருங்கள். செடி, பூந்தொட்டி, குவித்துவைத்த மணல் எல்லாவற்றையும் நகர்த்திப் பாருங்கள். தரையைத் தட்டினால் சேம்பர் இருக்கும் இடத்தில் ஓசை வெறுமையாகக் கேட்கும்.

எதுவும் கிடைக்கவில்லையா? அப்புறம் குழாய்க்குள் விடும் கேமராதான் வழி. கேமராத் தலையில் சிக்னல் அனுப்பும் சின்னக் கருவி இருக்கும், பொதுவாக 512 ஹெர்ட்ஸில். மேலே தரையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் குழாய் எங்கே, எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று தெரிந்துவிடும். மண்ணுக்குள் புதைந்த கிளீன் அவுட்டும், டைல்ஸ் போட்டு மறைத்த சேம்பரும் இப்படித்தான் வெளியே வருகின்றன.

கண்டுபிடித்ததும் அளந்து எழுதி வையுங்கள். ஒரே ஒரு அளவு போதாது. அசையாத இரண்டு புள்ளிகளிலிருந்து, உதாரணமாக வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து, டேப்பில் தூரம் எடுங்கள். பத்து வருடம் கழித்து அதன் மேல் புல் முளைத்திருந்தாலும், இரண்டு டேப்பும் சந்திக்கும் இடத்தில் தோண்டினால் மூடி இருக்கும். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் போட்டோ மட்டும் இருந்தால் பயன் குறைவு. அதில் தெரியும் மரம் நாளை இருக்காது.

அடைப்பு எங்கே என்று திறப்பு சொல்லும்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கருவி எதுவும் வாங்காமலே நீங்கள் செய்யக்கூடியது இது. பிளம்பரின் நேரத்தையும் இதுதான் அதிகம் மிச்சப்படுத்தும்.

ஒரே ஒரு வாஷ்பேசின் மட்டும் நிற்கிறது என்றால் அடைப்பு அதன் அடியில் வளைந்திருக்கும் டிராப்பிலோ கிளைக் குழாயிலோ இருக்கிறது. பிரதான லைனைத் தொட வேண்டியதில்லை. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் குளியலறைத் தரை டிராப்பில் குமிழி வருகிறது, வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது கழிப்பறைக் கோப்பையில் மட்டம் ஏறுகிறது, வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் வடிகாலில் முதலில் எதிர்த்து வருகிறது என்றால் அடைப்பு பிரதான லைனில். அந்த நிமிடமே வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லுங்கள். மாடியில் ஒருவர் குளித்தால் அது கீழ்வீட்டுத் தரையில்தான் வந்து நிற்கும்.

இப்போது வெளியே போங்கள். வீட்டிலிருந்து தெரு வரை மூன்று சேம்பர்கள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுச் சேம்பரை முதலில் திறந்து பாருங்கள். நிரம்பி நிற்கிறதா? அடைப்பு அதற்குக் கீழே, தெருப் பக்கம். காய்ந்து கிடக்கிறதா? அதற்கு மேலே, வீட்டுப் பக்கம். அடுத்து அந்தப் பக்கத்துச் சேம்பரைத் திறங்கள். ஒன்று நிரம்பியும் அடுத்தது வற்றியும் இருந்தால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு மூடிகளைத் தூக்கியதில் முழு லைனும் சில மீட்டராகச் சுருங்கிவிட்டது.

மூன்றும் நிரம்பி நின்றால் கோளாறு உங்களுடையதாக இல்லாமலும் போகலாம். கடைசிச் சேம்பரைத் தாண்டிய இணைப்பிலோ, தெருவின் பொது லைனிலோ, செப்டிக் டேங்க் நிறைந்ததிலோ காரணம் இருக்கும். உங்கள் லைனில் எவ்வளவு ஸ்பிரிங் விட்டாலும் அது தீராது.

கிளீன் அவுட் ஒன்றே ஒன்று உள்ள வீட்டிலும் இதே கணக்குதான். மூடியைத் தளர்த்தும்போது தண்ணீர் தளும்பினால் அடைப்பு கீழே. குழாய் காலியாக இருந்து வீட்டுக்குள் மட்டும் நின்றால் அடைப்பு வீட்டுக்கும் கிளீன் அவுட்டுக்கும் நடுவில். இரண்டு சேம்பருக்கு நடுவில் எந்த லைன் எதில் சேர்கிறது என்று குழப்பமாக இருந்தால், நிறப்பொடி கலந்த தண்ணீரை மேலே ஊற்றிவிட்டுக் கீழே காத்திருங்கள். நிறம் எந்தக் குழாயில் வருகிறதோ அதுதான்.

மூடியைத் திறப்பது

அவசரப்படக் கூடாத இடம் இது. 4 அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் 8 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 15 மீட்டர் லைன் நிரம்பி நின்றால் 120 லிட்டர் அந்த வாய் வழியாக வரப் பார்க்கும். மேல்மாடியிலிருந்து இறங்கும் குழாயிலும் தண்ணீர் ஏறி நின்றால் நிலைமை இன்னும் மோசம். 10 அடி உயரத் தண்ணீர், 4 அங்குல மூடியின் மேல் கிட்டத்தட்ட 25 கிலோ கனத்துடன் அழுத்தும். அதற்கு நேர் எதிரே முகத்தை வைத்துக்கொண்டு மூடியைக் கழற்றியவர் அந்த நாளை மறக்க மாட்டார்.

ஆகவே ரப்பர் கையுறை, கண்ணாடி, பழைய உடை, மூடிய செருப்பு அணிந்துகொள்ளுங்கள். வரும் தண்ணீர் எங்கே ஓடும் என்று முதலில் பாருங்கள். கிணற்றுப் பக்கமோ குடிநீர்த் தொட்டிப் பக்கமோ ஓடும் என்றால் மண்ணைக் குவித்து அணை கட்டுங்கள். பக்கவாட்டில் நின்றுகொண்டு கால் சுற்று மட்டும் திருப்புங்கள். சீறும் சத்தமோ கசிவோ வந்தால் அப்படியே விட்டுக் காத்திருங்கள். கசிவு நின்ற பிறகு அடுத்த கால் சுற்று. கழற்றிய மூடியைக் கால் இடறாத இடத்தில் வையுங்கள்.

பழைய பித்தளை பிளக் அசையாது. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு இரவு ஊறவையுங்கள். பிளக்கின் மேல் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டு நீளமான ஸ்பேனரில் முயலுங்கள். அப்படியும் வராவிட்டால், விளிம்பில் உளியை வைத்து இடஞ்சுழியாகத் தட்டித் திருப்புவார்கள். பிளக் உடைந்தாலும் பரவாயில்லை, புதிது வாங்கலாம். மரை உள்ள குழாய் வாயை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

யாராவது ஏற்கெனவே அடைப்பு நீக்கும் ரசாயனம் ஊற்றியிருந்தால் எதையும் தொடும் முன் அதைச் சொல்லியாக வேண்டும். காஸ்டிக் சோடாவோ அமிலமோ அந்த மூடிக்குப் பின்னால் அப்படியே நின்றுகொண்டிருக்கும், ஸ்பிரிங்கில் ஒட்டி முகத்தில் தெறிக்கும். ஒன்று வேலை செய்யவில்லை என்று இன்னொன்றை ஊற்றுவது அதைவிட ஆபத்து. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முழுக்க அடைத்து நிற்கும் பிரதான லைனில் ரசாயனம் பெரும்பாலும் அடைப்பு வரை போய்ச் சேர்வதுகூட இல்லை. என்னைக் கேட்டால் அந்தப் பாட்டிலை வாங்கவே வேண்டாம்.

அப்புறம், சேம்பரும் மேன்ஹோலும். தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் சேர்கின்றன, ஆக்சிஜன் குறைகிறது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு அது போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் உயிரைக் குடிக்கும் நேரம். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் மாண்டுபோகிறார். எந்த அடைப்பும் ஓர் உயிருக்கு ஈடாகாது. நீங்களும் இறங்காதீர்கள், யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள், பணம் கொடுத்தும் இறக்காதீர்கள். வேலை முழுவதும் மேலிருந்து, கருவியால் நடக்க வேண்டும். மூடி திறந்திருக்கும்போது பக்கத்தில் தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் திறந்த சேம்பரை ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் விடக் கூடாது.

அடைப்பை எடுப்பது

ஸ்பிரிங் விடும்போது துணிக் கையுறை வேண்டாம். சுழலும் ஸ்பிரிங்கில் துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். ரப்பர் கையுறைக்கு மேல் தோல் கையுறை போடுவதுதான் சரி. கையால் சுற்றும் சின்ன ஸ்பிரிங் வாஷ்பேசினுக்கும் தரை டிராப்புக்கும் போதும். 4 அங்குல லைனுக்கு அது வளைந்து மடங்கிவிடும், அங்கே மெஷின்தான் வேண்டும். எதிர்ப்பு தட்டும்போது தள்ளாதீர்கள். சற்றுப் பின்னால் இழுத்து, சுழலவிட்டு, மெதுவாக முன்னேறுங்கள். ஸ்பிரிங் வெளியே முறுக்கிக்கொண்டு வந்தால் உடனே நிறுத்துங்கள்.

ஒன்றோடொன்று மரை போட்டு இணைக்கும் கம்பிகளைப் பயன்படுத்தினால் எப்போதும் வலஞ்சுழியாக மட்டும் சுற்றுங்கள். ஒரே ஒரு தடவை இடப்பக்கம் சுற்றினாலும் உள்ளே மரை கழன்று, பாதிக் கம்பி லைனிலேயே தங்கிவிடும். அதை எடுப்பது அடைப்பை எடுப்பதைவிடப் பெரிய வேலை.

கொழுப்பும் வண்டலும் படிந்த லைனுக்கு ஸ்பிரிங் நடுவில் ஓட்டை மட்டும் போடும், சுவரில் ஒட்டியது அப்படியே இருக்கும். அதற்கு அழுத்த நீர் ஜெட் நல்லது. ஜெட் நாசிலில் பின்பக்கம் பார்த்த துளைகள் இருக்கும். பீய்ச்சும் தண்ணீரே ஹோஸை முன்னால் இழுத்துக்கொண்டு போகும், திரும்ப இழுக்கும்போது கழிவை வாரிக்கொண்டு வரும். ஆகவே ஜெட்டை முடிந்தவரை கீழ்ப்பக்கச் சேம்பரிலிருந்து மேல்நோக்கி விடுங்கள். கழிவு உங்களிடம் வந்துவிடும், வந்ததை வாளியால் எடுத்துவிடலாம். அடைப்பு உடைந்ததும் தேங்கிய தண்ணீர் முழுவதும் அதே பக்கம் பாயும் என்பதால் வாய்க்கு நேராக நிற்காதீர்கள். நாசில் குழாய்க்குள் போன பிறகே அழுத்தத்தைத் திறக்க வேண்டும். நாசிலுக்குச் சற்று முன்னால் ஹோஸில் பளிச்சென்று ஒரு டேப் சுற்றிவையுங்கள். அந்த நிறம் தெரிந்ததும் அழுத்தத்தை மூட வேண்டும். ஜெட் நீர் தோலைத் துளைத்து உள்ளே போகும் வலு உள்ளது. வெளியே சின்னப் புள்ளிபோலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் வேலை முடிந்தது என்று மூடியைப் போட்டுவிடாதீர்கள். வெளியே வந்ததைப் பாருங்கள். மெல்லிய நார்போல வேர் வந்ததா? மூட்டு இடுக்கு வழியாக மரவேர் நுழைந்திருக்கிறது, வெட்டினாலும் திரும்ப வளரும். மண்ணும் கல்லும் வந்ததா? குழாய் உடைந்திருக்கிறது. ஈரத் துடைப்பான்களும் நாப்கினும் வந்ததா? காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வேரோ மண்ணோ வந்தால் அதே திறப்பு வழியாகக் கேமராவை விட்டுப் பார்ப்பது அவசியம். ஓரிடத்தில் குழாய் தொய்ந்து தண்ணீர் எப்போதும் தேங்கி நின்றால், அங்கே மட்டும் தோண்டிச் சரிவைச் சரிசெய்தால் போதும். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி என்பது நல்ல சரிவு.

திறப்பே இல்லாத வீட்டில் புதிதாகப் போடுவது

தரைக்குக் கீழ் வேலை, அதனால் உரிமம் உள்ள பிளம்பரிடம் கொடுப்பதே நல்லது. அனுமதி தேவையா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் என்ன நடக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மண் மூடிய பிறகு தவறைப் பார்க்க முடியாது.

தோண்டும் முன் மின்கேபிள், தண்ணீர், எரிவாயு லைன்கள் எங்கே போகின்றன என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். குழாய் தெரிந்ததும் அதன் இரு பக்கமும் அடியிலும் கை போய்வர இடம் விட்டு மண்ணை எடுக்க வேண்டும். வீட்டில் யாரும் தண்ணீர் விடக் கூடாது. ஒய் உட்காரும் நீளத்துக்குக் குழாயை நேர்க்கோட்டில் வெட்டி எடுப்பார்கள். மண்ணில் புதைந்த குழாயின் இரு முனைகளையும் விலக்க முடியாது, அதனால் இரண்டு குழாய் முனைகளை இணைக்கும், உள்ளே தடுப்பு இல்லாத கப்ளிங் தேவை. அதை ஒரு பக்கக் குழாயின் மேல் முழுவதும் ஏற்றிவிட்டு, ஒய்யை வைத்தபின் திரும்ப நகர்த்தி மூட்டை மூடுவார்கள். பழைய மண்குழாயோ வார்ப்பிரும்போ என்றால் எஃகுப் பட்டி போட்ட ரப்பர் கப்ளிங்.

ஒய்யின் திசையை நீங்களே பாருங்கள். மேலிருந்து விடும் ஸ்பிரிங் தண்ணீர் ஓடும் பக்கமாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் ஸ்பிரிங் வீட்டை நோக்கித்தான் போகும். ஒய்க்குப் பதில் T வடிவச் சாதாரண டீ வைத்தால் செங்குத்தாக இறங்கும் ஸ்பிரிங் குழாயின் அடியில் முட்டி எந்தப் பக்கமும் திரும்பாமல் நிற்கும். இடம் இருந்தால் இரண்டு வாய்களாக, வீட்டுப் பக்கம் ஒன்றும் தெருப் பக்கம் ஒன்றும் வைத்துவிடுங்கள். குழி ஏற்கெனவே தோண்டியாகிவிட்டதால் கூடுதல் வேலை கொஞ்சம்தான்.

மூடும் முன் கீழ்ப்பக்கத்தைத் தற்காலிக பிளக்கால் அடைத்து, தண்ணீர் நிரப்பிக் கால் மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மூட்டில் ஈரம் தெரிந்தாலும் திரும்பச் செய்ய வேண்டும். அடியில் மணலை இறுக்கி அணைத்த பிறகே மேலே மண். வண்டி ஏறும் இடம் என்றால் இரும்பு மூடியின் பாரம் சுற்றியுள்ள கான்கிரீட்டில் இறங்க வேண்டும், குழாயின் மேல் அல்ல. நடைபாதையில் தலை வெளியே நீட்டாத, உள்வாங்கிய பிளக் போடுங்கள். மூடியைச் சுற்றி ஸ்பிரிங்கும் ஆளும் நிற்க குறைந்தது ஒன்றரை அடி, முடிந்தால் இரண்டடி இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

சேம்பர் கட்டுவதாக இருந்தால் அடித்தளத்தைக் கவனியுங்கள். தட்டையாக விட்டுவிட்டால் கழிவு அங்கேயே தங்கி இறுகும். வரும் குழாயிலிருந்து போகும் குழாய் வரை அரைவட்ட வாய்க்கால் இருக்க வேண்டும், இரு பக்கமும் அதை நோக்கிச் சரிவாகப் பூச வேண்டும். பழைய சேம்பரில் இது இல்லாமல் அடிக்கடி அடைக்கிறது என்றால், இந்தப் பூச்சு வேலை மட்டுமே பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது.

வருடத்துக்கு இருமுறை

மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை மூடிகளைத் திறந்து பாருங்கள். வீட்டில் ஒருவர் தண்ணீர் ஊற்றட்டும், நீங்கள் சேம்பரில் பாருங்கள். தடையில்லாமல் ஓடி, வாய்க்கால் காலியாகிவிட்டால் சரி. சுவரில் வாய்க்காலுக்கு மேலே புதிய ஈரக்கோடு தெரிந்தால் சமீபத்தில் தண்ணீர் தேங்கி இறங்கியிருக்கிறது. அடைப்பு உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட முன்கூட்டிய அடையாளம் கிடைக்காது. கிளீன் அவுட் மூடியின் மரையைத் துடைத்து, டெஃப்லான் டேப் சுற்றி, கை இறுக்கத்துக்கு மேல் கொஞ்சம் மட்டும் திருப்பிப் போடுங்கள். விரிசல் விட்ட மூடியை அன்றே மாற்றுங்கள், அதன் வழியாக மழைநீரும் மண்ணும் லைனுக்குள் போகும். சேம்பர் மூடியின் விளிம்பில் கிரீஸ் தடவி வைத்தால் நாற்றமும் வராது, அடுத்த முறை தூக்கவும் எளிது. தரைக்கு டைல்ஸ் போட ஆள் வரும் நாளில் மட்டும் வீட்டில் இருந்து, ஒவ்வொரு மூடியையும் அவருக்கு நேரில் காட்டிவிடுங்கள்.